குதிகாலில் ஒரு சொட்டு – 7: சட்டம் முந்தியது, சான்று பிந்தியது

1934-ல் ஆஸ்லோவில் மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங், மூளை வளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டபோது அது பச்சையாக மாறியதைப் பார்த்தோம். பாலிலும் இறைச்சியிலும் பருப்பிலும் இருக்கும் பினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை மாற்ற வேண்டிய நொதி, அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் வேலை செய்யவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது மட்டும் வரும் பினைல்கீட்டோன்யூரியா அது. சுருக்கமாக பி.கே.யு. 1953-ல் பர்மிங்ஹாம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கெலும் அவருடன் உழைத்தவர்களும், பினைல்அலனைன் குறைத்த பத்திய உணவால் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தவழவும் நிற்கவும் வைத்ததைச் சென்ற வாரம் கண்டோம். ஆனால் அவள் மூளைக்கு அதற்கு முன்பே நேர்ந்துவிட்ட கேடு விலகவில்லை.

பத்தியம் கிடைத்துவிட்டது. அது யாருக்குத் தேவை என்பதுதான் காலம் கடந்து தெரிந்தது.

ஈரத் துணியும் இழந்த வாரங்களும்

பி.கே.யு.வோடு பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த நேரத்தில் ஒரு குறையும் இருக்காது. வயிற்றில் இருக்கும்வரை தொப்புள்கொடி வழியே தாயின் உடல் அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்துவிடுகிறது. கொடியை அறுத்து, பால் புகட்டத் தொடங்கிய பிறகே ரத்தத்தில் பினைல்அலனைன் ஏறுகிறது. சாதாரணக் குழந்தையின் 100 மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு மில்லிகிராம் இருக்கும் பொருள், இந்தக் குழந்தைக்கு 20 மில்லிகிராமையும் தாண்டும். குழந்தை பால் குடிக்கிறது, தூங்குகிறது, அழுகிறது. பெற்றோர் கண்ணுக்கு எதுவும் படாத அந்த மாதங்களில்தான் மூளை கெடுகிறது. தலை நிற்கவில்லையே, முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே என்று தாய் கவலைப்படத் தொடங்கும்போது, காப்பாற்றியிருக்கக்கூடிய காலத்தில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

1957-ல் கலிபோர்னியாவில் வில்லர்ட் சென்டர்வால் என்ற மருத்துவர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். ஃபோலிங் கண்ணாடிக் குழாயில் செய்ததைக் குழந்தையின் இடுப்பில் கட்டிய ஈரத் துணியிலேயே செய்துவிடலாம். ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டு, பச்சை படர்கிறதா என்று பார்த்தால் போதும். செலவில்லாத, நல்ல எண்ணத்தில் பிறந்த சோதனைதான். ஆனால் நிறம் காட்டும் பொருள் சிறுநீரில் இறங்க, ரத்தத்தில் அளவு வெகுவாக ஏறியிருக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். பிரசவ வார்டில் இருக்கும் நாட்களில் துணி பச்சையாகாது. பச்சையாகும் காலத்திலோ தாயும் சேயும் எந்த ஊரில் எந்த வீட்டில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிறுநீரை நம்பியிருக்கும்வரை இந்த நோயை நேரத்தோடு பிடிக்க வழியில்லை. ரத்தத்திடமே கேட்டாக வேண்டும். பிறந்து சில நாட்களே ஆன உடலிலிருந்து எடுக்கத் தக்க அளவு ரத்தத்தில் கேட்க வேண்டும். அதுவும் ஒரு குழந்தையிடம் அல்ல, பிறக்கும் எல்லாக் குழந்தைகளிடமும்.

பாக்டீரியா சொன்ன சாட்சி

ராபர்ட் கத்ரி நுண்ணுயிரியல் படித்தவர். புற்றுநோய் ஆய்வில் இருந்தவர். அவருடைய மகன் அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்தான். அவனுக்கு இருந்தது பி.கே.யு. அல்ல, என்றாலும் அந்தப் பிள்ளைதான் தந்தையைப் புற்றுநோய் ஆய்விலிருந்து விலக்கி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தான் எனலாம். அங்கே ராபர்ட் வார்னர் என்ற மருத்துவர் அவரிடம் வைத்த கோரிக்கை, பச்சிளங்குழந்தைகளைச் சோதிக்கச் சொல்லி அல்ல. ஏற்கெனவே பத்தியத்தில் இருக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் பினைல்அலனைன் எவ்வளவு என்பதை அடிக்கடி, சுலபமாக, கொஞ்சம் ரத்தத்தில் அளக்க ஒரு முறை வேண்டும் என்பதே கேள்வி. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்ற பத்தியத்துக்கு ஒரு தராசு. இதை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்; பின்னால் நாம் எடைபோடப் போகும் வழக்கின் விடை இதற்குள் இருக்கிறது.

கத்ரி தனக்குப் பழக்கமான பாக்டீரியாவிடம் போனார். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற தீங்கற்ற பாக்டீரியாவை அகர் கூழில் கலந்து, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருளையும் சேர்த்துவிட்டால் அது வளராமல் கிடக்கும். பினைல்அலனைனைப் போலவே உருவம் கொண்ட பொருள் அது. பாக்டீரியாவை ஏமாற்றித்தான் தடுக்கிறது. உண்மையான பினைல்அலனைன் போதிய அளவு வந்து சேர்ந்தால் தடை உடையும், பாக்டீரியா பெருகும். அதாவது, எங்கே அது பெருகுகிறதோ அங்கே பினைல்அலனைன் மிகுந்திருக்கிறது.

1958-ல் அவருடைய மனைவியின் உடன்பிறந்தவர் மகளுக்குப் பதினைந்தாவது மாதத்தில் பி.கே.யு. என்று தெரிந்தது. பத்தியம் இருந்தது, அளக்கும் முறை இருந்தது, அதைக் கண்டுபிடித்தவரே உறவினராக இருந்தார். ஆனாலும் அந்தக் குழந்தைக்குக் காலம் கடந்துவிட்டது. பத்தியத்தைக் கண்காணிக்க உருவான கருவியைப் பிறந்த எல்லாக் குழந்தைகளின் பக்கமும் திருப்பும் வேலையில் கத்ரி இறங்கினார்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். குழந்தையின் குதிகால் ஓரத்தில் ஒரு சிறு குத்து. ஊறி நிற்கும் சொட்டைத் தடித்த உறிஞ்சுதாளில் ஒற்றுகிறார் செவிலி. தாள் காய்கிறது, சிவப்பு பழுப்பாகிறது. குழந்தையின் விவரம் எழுதிய அட்டையோடு அது தபால் உறைக்குள் போகிறது. ஆய்வகத்தில், டிக்கெட்டில் துளை போடுவதைப் போல அந்தக் கறையிலிருந்து சிறு வட்டம் ஒன்றை வெட்டி, நீராவியில் வேகவைத்து, அகர் தட்டில் வரிசையாக வைக்கிறார்கள். ஒரே தட்டில் பல குழந்தைகள். இடையே, அளவு முன்பே தெரிந்த ரத்த வட்டங்கள் ஒப்பிட்டுப் பார்க்க. இரவு முழுவதும் மிதமான வெப்பத்தில் இருக்கும் தட்டை மறுநாள் காலை எடுத்தால், கிட்டத்தட்ட எல்லா வட்டங்களும் சும்மா கிடக்கும். எப்போதாவது ஒன்றைச் சுற்றி மட்டும் நிலவைச் சுற்றிப் பரிவேடம் கட்டியதுபோல வெண்மையான வளையம் நிற்கும். அந்தக் குழந்தையின் வீட்டுக்கு உடனே செய்தி போக வேண்டும்.

இதில் பாக்டீரியாவைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அந்தத் தாள் என்பேன். ஊசியால் நரம்பில் ரத்தம் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டாம், கண்ணாடிக் குழாய் வேண்டாம், பனிக்கட்டி வேண்டாம். எந்தக் கிராமத்து மருத்துவமனையிலிருந்தும் ஒரு தபால்தலை ஒட்டி அனுப்பலாம். மாநிலம் முழுவதற்கும் ஓர் ஆய்வகம் போதும். நோயைக் கண்டறியும் அறிவு நகரத்தில் இருக்க, குழந்தை பிறக்கும் இடம் எங்கோ இருக்கும் என்ற பழைய தொல்லையைக் காய்ந்த ரத்தத் துளி தாண்டியது.

மாசசூசெட்ஸ், 1963

1961-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கடிதமாகத்தான் கத்ரி தன் முறையை முதலில் வெளியிட்டார். ஆய்வக உதவியாளர் ஏடா சூசியோடு சேர்ந்து எழுதிய முழுக் கட்டுரை 1963-ல் வந்தது. இடையில் மத்திய அரசின் குழந்தைகள் நலப் பணியகம் தந்த நிதியில் 29 மாநிலங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டு, 39 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு ஏறத்தாழ அங்கேதான் உறுதிப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகத்தின் இயக்குநர் ராபர்ட் மெக்ரெடி 1962-லேயே தன் மாநிலத்தில் சோதனையைத் தொடங்கினார். 1963-ல் அதே மாநிலம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பி.கே.யு. சோதனை செய்தாக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் சங்கங்கள் மற்ற மாநிலங்களின் சட்டமன்றங்களிலும் கதவைத் தட்டின. தன் சகோதரி ஒருவர் அறிவுத்திறன் குறைபாடு உடையவர் என்பதால் ஜனாதிபதி கென்னடி இந்தத் துறைக்கு ஏற்கெனவே தனிக்குழு அமைத்திருந்தார். காற்று அவர்கள் பக்கம் வீசியது. 1965 முடிவதற்குள் 32 மாநிலங்களில் சட்டம் வந்துவிட்டது.

மருத்துவச் சங்கங்கள் பல இதை எதிர்த்தன. எந்த நோயாளிக்கு எந்தச் சோதனை என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சட்டமன்றம் மருத்துவம் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். பொதுவாகப் பார்த்தால் நியாயமான வாதம்தான். ஆனால் இந்த நோயின் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஆண்டுக்கு நூறு பிரசவம் வீதம் நாற்பது ஆண்டுகள் பார்க்கும் மருத்துவர் மொத்தம் நாலாயிரம் குழந்தைகளை ஏந்துவார். பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால், ஒரு பி.கே.யு. குழந்தையைக்கூடக் காணாமல் அவர் ஓய்வு பெறவே வாய்ப்பு அதிகம். வாழ்நாளில் காணாத ஒன்றைச் சந்தேகிக்க எந்தத் திறமையும் உதவாது. அந்தத் திறமை செயல்படத் தேவையான அறிகுறிகளும் தொடக்கத்தில் இல்லை. அரிய நோயை ஒருவரது நினைவாற்றலிடம் ஒப்படைக்க முடியாது, வழக்கத்திடம்தான் ஒப்படைக்க முடியும். அந்த வழக்கத்தை உண்டாக்கியது சட்டம்.

பெஸ்மனின் கேள்விகள்

இதைவிடக் கனமான எதிர்ப்பு அறிவியலுக்குள்ளிருந்தே வந்தது. குழந்தை மருத்துவரும் உயிர்வேதியியலாளருமான சாமுவேல் பெஸ்மன் எழுப்பிய கேள்விகளைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் கேள்வி: ரத்தத்தில் பினைல்அலனைன் அதிகமாக இருக்கும் எல்லோருக்கும் மூளை கெடும் என்று எப்படித் தெரியும்? அதுவரை மருத்துவ உலகம் அறிந்த பி.கே.யு. நோயாளிகளில் பெரும்பாலோர், மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதிகளில் சோதித்துக் கண்டறியப்பட்டவர்கள். கெட்டவர்களிடையே மட்டும் தேடினால் எல்லோரும் கெட்டவர்களாகத்தான் தெரிவார்கள். அதே ரத்த அளவோடு வெளியில் நலமாக நடமாடுகிறவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கியபின் அவர் சந்தேகம் ஓரளவு மெய்யானது. அளவு மிதமாக ஏறியும் சிகிச்சையே தேவைப்படாத குழந்தைகள் கணிசமாக இருந்தார்கள். சிலருக்கு அளவு தானே இறங்கியது.

இரண்டாவது கேள்வி அதைவிட வலிக்கும். பினைல்அலனைன் விஷம் அல்ல. உடல் தானாகச் செய்துகொள்ள முடியாத, உணவிலிருந்து பெற்றே தீர வேண்டிய பொருள். பத்தியம் அளவுக்கு மிஞ்சினால் உடல் தன் தசையையே கரைக்கும். அந்த ஆண்டுகளில் இது நடந்தது. நோய் உறுதியாகாமலே கடும் பத்தியத்தில் வைக்கப்பட்ட குழந்தைகளும், நோய் இருந்தும் அளவு தெரியாமல் பட்டினியாக வளர்க்கப்பட்ட குழந்தைகளும் எடை குன்றி வளர்ச்சி தடைபட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. மூன்றாவது, பத்தியம் பலன் தருகிறது என்பதற்கு முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூட அப்போது முடிந்திருக்கவில்லை. சட்டம் முந்திக்கொண்டது, சான்று பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஆகவே கேள்வி இதுதான்: அந்த அவசரம் சரியா?

தராசின் இரு தட்டுகள்

சரிதான் என்பது என் முடிவு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. முழுச் சான்று வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்பவர்கள், காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒப்பீட்டு ஆய்வு என்றால் ஒரு பிரிவுக் குழந்தைகளைப் பத்தியம் இல்லாமல் விட்டுவைத்துப் பல ஆண்டுகள் பார்த்திருக்க வேண்டும். சான்று அறவே இல்லாமலும் இல்லை. ஒரே வீட்டில், நோய் தெரியாமல் வளர்ந்த மூத்த பிள்ளை பேச்சற்று இருக்க, பிறந்ததும் பத்தியம் தொடங்கிய இளைய பிள்ளை நடந்து, பேசி, பள்ளிக்குப் போன குடும்பங்கள் இருந்தன. அதே பெற்றோர், அதே பழுதான மரபணு, அதே அடுப்படி. மாறியது உணவும் தொடங்கிய நாளும் மட்டும். இதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு இருக்க விடாத அளவுக்குப் போதுமான சாட்சி என்பேன்.

இரண்டு பிழைகளும் ஒரே தன்மையானவை அல்ல என்பதும் முக்கியம். சோதிக்காமல் விட்ட குழந்தையின் மூளைக்கு நேரும் கேடு சத்தமில்லாமல் நேர்கிறது; தெரியவரும்போது திருத்த முடியாது. பத்தியம் மிஞ்சியதால் வரும் கேடோ, நேரத்தோடு கவனித்தால் ரத்தத்தில் அளவு வீழ்வதாகவும் எடை ஏறாததாகவும் கண்ணுக்குப் படும்; கவனித்தால் திருத்தலாம். இங்கேதான் வார்னரின் பழைய கோரிக்கைக்குத் திரும்ப வேண்டும். காய்ந்த துளிச் சோதனை பிறந்ததே பத்தியத்தைக் கண்காணிப்பதற்கு. பெஸ்மன் சுட்டிய ஆபத்துக்கு மாற்று, அவர் எதிர்த்த சோதனைக்குள்ளேயே இருந்தது. ஒரு முறை குத்தி முடிவு சொல்வதோடு நிற்காமல், வாரம் தவறாமல் துளி எடுத்து உணவைக் கூட்டிக் குறைத்திருந்தால் அந்தக் குழந்தைகளில் பலர் வாடியிருக்க மாட்டார்கள். தவறியது சோதனை அல்ல, அதன் பின்தொடர்ச்சி. பல மாநிலச் சட்டங்கள் ரத்தம் எடுப்பதைக் கட்டாயமாக்கின. விலை கூடிய அந்தச் சிறப்பு உணவை யார் தருவது, யார் கண்காணிப்பது, அனுபவமுள்ள மருத்துவரிடம் குடும்பத்தை யார் கொண்டுசேர்ப்பது என்பதைச் சொல்லாமல் விட்டன. என் நிபந்தனை அதுதான். கண்டறியும் கடமையை ஏற்கும் அரசு, கண்டறிந்த குழந்தையின் அடுத்த வேளை உணவையும் ஏற்க வேண்டும். அதை ஏற்காத சட்டம் பாதிச் சட்டம்.

பெஸ்மன் தோற்றார் என்று எழுதுவதும் நியாயமாகாது. அவர் போன்றவர்கள் விடாமல் கேட்டதால்தான் எந்த அளவுக்கு மேல் சிகிச்சை, எந்த அளவுக்குக் கீழ் காத்திருப்பு என்ற எல்லைகள் உருவாயின. 1967-ல் லாஸ் ஏஞ்சலஸின் ரிச்சர்ட் கோக் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்த நெடுங்கால ஆய்வு தொடங்கியது. சீக்கிரம் பத்தியம் தொடங்கிய குழந்தைகளின் அறிவுத்திறன் அவர்களுடைய நலமான உடன்பிறப்புகளை ஒட்டியே வளர்ந்ததை அது காட்டியது. தாமதமாக வந்தாலும் சான்று வந்து சேர்ந்தது. 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் வகுத்த அளவுகோல்களில், ஏற்கத்தக்க சிகிச்சையும் அதை வழங்கும் வசதியும் இருக்கும் நோய்களையே தேட வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. இன்று இங்கிலாந்தில் ஒரு லட்சம் பச்சிளங்குழந்தைகளின் மரபணுத் தொகுதியையே வாசித்துப் பார்க்கும் ஆய்வு நடக்கிறது. கருவி எவ்வளவோ மாறிவிட்டது. அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. எந்த மரபணுவில் பழுது என்று சொல்லும் கருவி, மறுநாள் காலை அந்தத் தாய் பிள்ளைக்கு என்ன ஊட்ட வேண்டும் என்பதற்கும் விடை வைத்திருக்கிறதா?

ஆறு வயதில் முடிந்த பத்தியம்

மாசசூசெட்ஸ் சட்டத்தின் முதல் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். மூளை பெருமளவு வளர்ந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று பல மருத்துவர்கள் அப்போது நம்பினார்கள். அதனால் ஐந்து, ஆறு வயதில் பத்தியத்தை நிறுத்திவிடுவது வழக்கமாயிற்று. அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது விடுதலை நாள். வாடை வீசும் சிறப்புப் பால் போயிற்று. மற்றப் பிள்ளைகளைப் போல ரொட்டியும் இறைச்சியும் தட்டுக்கு வந்தன. மருத்துவமனைப் பதிவேடுகளில் பெயர்கள் முடிக்கப்பட்டன. முகவரிகள் மாறின. யார் எங்கே வளர்கிறார்கள் என்று தொடர்ந்து பார்க்க யாருக்கும் பொறுப்பு இல்லை.

ஆனால் 1963-ல், மாசசூசெட்ஸ் சட்டமியற்றிய அதே ஆண்டில், அதே மாநிலத்தின் பாஸ்டன் நகரிலிருந்து வெளிவரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வேறொரு கட்டுரை வந்திருந்தது. பி.கே.யு. உடைய தாய்மார்களின் பிள்ளைகள் பற்றியது. அந்தப் பிள்ளைகளுக்கு பி.கே.யு. இல்லை. தாயிடமிருந்து வந்த பழுதான மரபணுவுக்குத் துணையாகத் தந்தையிடமிருந்து நல்ல மரபணு வந்திருந்தது. நொதி வேலை செய்தது. குதிகாலில் குத்திப் பார்த்தால் அகர் தட்டில் வளையம் கட்டாத பிள்ளைகள். இருந்தும் அவர்கள் அறிவுத்திறன் குன்றியிருந்தார்கள்.

வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடல் குழந்தையின் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது என்று இந்தப் பகுதியின் தொடக்கத்தில் படித்தோம். அந்தத் தாயின் ரத்தத்திலேயே பினைல்அலனைன் நிரம்பி வழிந்தால்?

ஒரு சொட்டு ரத்தம் காப்பாற்றிய பெண் குழந்தைகள், பத்தியத்தை மறந்து, 1980-களை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கருத்தரிப்பதற்கு முன் பத்தியத்துக்குத் திரும்பச் சொல்லப்போவது யார்? அதற்கு நேரம் மிச்சம் இருந்ததா?

(அடுத்த வாரம் தொடரும்)